பேரிங்குக்கு வைத்த பொட்டு

தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது என்பதில் மாமனார் வைரக்கண்ணு கறாராக இருந்தார். சதீஷ் தண்ணீர் குடிக்க எழுந்தால் செம்பு அவனைத் தேடி வந்தது. கை கழுவப் போனால் யாராவது ஒருவர் துண்டோடு பின்னாலேயே நின்றார். முந்தின நாள் மாலை மயிலாடுதுறையிலிருந்து வந்து இறங்கியது முதல் அவன் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் திருவையாற்றுப் பாலத்தில் பாதிகூடத் தேறாது.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. சதீஷ் பல் டாக்டர். மாப்பிள்ளையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்ட கையோடு வாயை ஆவென்று திறந்து காட்டினார்கள். பெரியவர் ஒருவர் மாப்பிள்ளைக்குக் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டே கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். கல்யாணத்தன்றே இந்த வழக்கத்தை ஒருமுறை அனுபவித்திருந்ததால், சதீஷ் இந்தத் தடவை கண்ணாடியும் கொக்கிக் கம்பிகளும் ஊசியும் போட்ட ஒரு சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, மனம் வேறிடத்தில் கிடந்தது. கிளம்பும்போது அவன் அம்மா மலர்க்கொடி ஒரு காரியம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இந்தத் தீபாவளியோட அந்த வண்டி ஓட்டத்த நிறுத்திரச் சொல்லு. நீ சொன்னா கேப்பா. நான் சொன்னா மாமியாக் கொடுமன்னு ஆயிரும்."

மலர்க்கொடியைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளுடைய ஒரே தம்பி இராஜாங்கம், சதீஷ் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், குத்தாலம் திருப்பத்தில் பைக்கோடு போய்ச் சேர்ந்தவன். அக்காவுக்குத் தீபாவளிச் சீர் எடுத்துக்கொண்டு வந்த வழியில் நடந்தது அது. வேகம்தான் அவனை விழுங்கியது என்று மலர்க்கொடி சொல்வாள். அதற்குப் பிறகு சைக்கிள் பெல் கொஞ்சம் வேகமாக அடித்தாலே அவள் வாசலுக்கு வந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பந்தயத்தில் வண்டி ஓட்டும் மருமகள் வாய்த்திருந்தாள். சதீஷ் அம்மாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். வந்ததிலிருந்து வாயைத் திறக்க முடியவில்லை.

சதீஷின் மனைவி வானதி திருச்சியில் ஒரு வால்வு கம்பெனியில் என்ஜினீயர். கல்யாணத்துக்கு முன்பே, தன் சம்பாத்தியத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். இன்ஜின் பின்னால் இருக்கும். முன்பக்கத்து மூடியைத் திறந்தால் சாமான் வைக்க இடம் இருக்கும். தரையோடு பதுங்கி உட்கார்ந்திருக்கும் அந்த மஞ்சள் வண்டிக்கு வைரக்கண்ணு மஞ்சத் தவளை என்று பேர் வைத்திருந்தார். பேர் என்னவோ கேலிதான், மழை வந்தால் டிராக்டருக்குப் போர்த்துகிற தார்ப்பாயை உருவி அதன் மேல் போர்த்துவதும் அவர்தான்.

மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றின் இடுக்கில் வளைந்து வளைந்து ஒவ்வொருவராக ஓட்டிக் காட்டும் பந்தயம் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் இந்த வருடத்தின் கடைசிச் சுற்று. மொத்தப் பட்டியலில் இரண்டாவதாக நின்றாள். முதல் ஆளைத் தாண்டிவிட்டால் அடுத்த வருடம் ஒரு அணி அவளைச் சேர்த்துக்கொள்ளும், ஓட்டுவதற்கு அவர்களே வண்டி கொடுப்பார்கள். இதற்காக அவள் எத்தனை காலமாகக் காத்திருக்கிறாள் என்பது சதீஷுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்றே தனியாகப் பேசச் சொன்னபோது அவள் சொன்ன முதல் விஷயம் இதுதான்.

ஆனால் வண்டி சரியாக இல்லை. மயிலாடுதுறையிலிருந்து வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் டொக், டொக் என்று அடித்தது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் முரண்டு பிடித்தது.

"ஷாக் அப்சார்பரோட தலை வண்டியோட சேர்ற எடத்துல ரப்பர்ல ஒரு மவுண்ட் இருக்கு. நடுவுல பேரிங்கு. சக்கரம் திரும்பும்போது ஷாக்கு முழுக்க அதுலதான் சுத்தும். ரப்பர் செத்துருச்சு, பேரிங்கு தேஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும்" என்று வழியெல்லாம் அவள் விளக்கிக்கொண்டு வந்தாள்.

புது மவுண்டுகள் பெங்களூரிலிருந்து கூரியரில் இங்கே வந்து சேர்ந்திருந்தன. மாற்றுவதற்குத்தான் ஆள் இல்லை. தஞ்சாவூரில் எல்லா ஒர்க்‌ஷாப்பும் பூட்டியிருந்தது, மெக்கானிக்குகள் எல்லோரும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். திருச்சியில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்காரர் ஒருவர் மட்டும், இவளுக்காகத் தீபாவளிக்கு மறுநாள் காலையில் கடை திறப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"நானே மாத்திக்கிறேன்" என்றாள் வானதி.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு எழுந்ததும், புதுப் புடவையை மடித்து வைத்துவிட்டுப் பழைய பேன்ட் சட்டையில் அவள் டிராக்டர் ஷெட்டுக்குப் போனாள். பட்டு வேட்டியும், மாமனார் அன்று காலையில்தான் போட்டுவிட்ட மோதிரமுமாக சதீஷ் பின்னாலேயே போனான். அவனுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தட்டு முறுக்கும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

"மாப்ள, நீங்க சும்மா உக்காந்து பாருங்க. கையில கிரீஸு படப்போவுது" என்றார் வைரக்கண்ணு. ஷெட்டுக்கு வெளியே நடவு முடிந்த சம்பா வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தெருவில் சரவெடி வெடித்தபடி இருந்தது.

உட்கார்ந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க முறுக்கு கையிலேயே நின்றுவிட்டது. அதுவரை அவன் வானதி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறானே தவிர வேலை செய்வதைப் பார்த்ததில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கியதும் அதை நம்பி அவள் உள்ளே போகவில்லை. இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தாள். ஆடவில்லை. இன்னொரு முறை தள்ளிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினாள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டாள்.

"அது எதுக்கு?"

"தாங்கி நழுவினாலும் சக்கரம் தாங்கும்ல."

"நழுவுமா?"

"நழுவாது" என்றாள், ஏதோ அதிலேயே பதில் முழுதாக இருக்கிறது என்பதுபோல.

முன்மூடியைத் திறந்து, மவுண்டைப் பிடித்திருந்த நட்டுகள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டாள். திரும்பப் பூட்டும்போது மயிரிழைகூட இடம் மாறக் கூடாதாம். பிரேக் குழாயைக் கழற்றாமல், அது இழுபடாதபடி ஒரு கம்பியில் தூக்கிக் கட்டினாள். ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாம்பாளத்தில் அடுக்கினாள். அது மாமியார் சாவித்திரியின் சீர்த் தாம்பாளம். அதைப் பார்த்து சதீஷுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பெருமையும் வந்தது. தன் கிளினிக்கில் ஆயுதங்களைத் தான் அடுக்குவதைவிட இவள் சுத்தமாக அடுக்குகிறாள் என்று தோன்றியது.

ஷாக்கை உருவி எடுக்கும்போதுதான் ஓர் ஆள் குறைந்தது. மவுண்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றும்போது அடியில் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். வைரக்கண்ணு குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அவர் குனியக் கூடாது. சதீஷ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அய்யய்யோ, மாப்ள..."

"மாமா, பிடிக்கத்தானே போறேன்."

"மோதிரத்தக் கழட்டுங்க" என்றாள் வானதி. "நடுவுல மாட்டுனா வெரல் போயிரும்."

போட்டுவிட்ட மோதிரத்தை அன்றைக்கே, போட்டவர் கண்ணெதிரே கழற்றுவதா? சதீஷ் மாமனாரைப் பார்த்தான். வைரக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மடையில தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்" என்று முகத்தை வயல் பக்கம் திருப்பினார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. மோதிரம் சட்டைப் பைக்குள் போகும்வரை அவர் திரும்பவும் இல்லை. நல்ல மனிதர்.

ஷாக் வெளியே வந்தது. அதன் சுருள் கம்பியை அமுக்கி வைக்காமல் தலை நட்டைக் கழற்றினால் கம்பி பாய்ந்து ஆளையே அடித்துவிடும் என்றாள். அமுக்கும் கருவியை மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். "எதிர்ல நிக்காதீங்க" என்று அவனைக் கையால் ஒதுக்கினாள், தானும் ஒதுங்கித்தான் நின்றாள். அவள் பயந்தவள் மாதிரி தெரியவில்லை, அசட்டுத் தைரியமும் தெரியவில்லை. அந்தக் கம்பிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டுமோ அவ்வளவு கொடுத்தாள். பழைய மவுண்ட் கையோடு வந்தது. ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. அதன் பேரிங்கைச் சுற்றினால் மணலில் மண்வெட்டி இழுபடுவதுபோலக் கரகரத்தது.

"அம்மா! அந்தப் புதுப் பொட்டியக் கொண்டாம்மா!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

சாவித்திரி வந்தாள். கையில் பெட்டி இல்லை. ஒரு வாழையிலையில், இரண்டு மவுண்டுகளும் மஞ்சளும் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக வீற்றிருந்தன. காலையில் புதுத் துணிகளோடு அவற்றையும் எடுத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டாள். புதுப் பொருள் எதுவானாலும் மஞ்சள் தொடாமல், பொட்டு வைக்காமல் உபயோகிக்க விடுவாளா அவள்? அதுவும் மகள் உயிரைத் தாங்கப் போகிற பொருள்.

"மறந்துட்டியே, நான் வெச்சுட்டேன்" என்றாள் வாயெல்லாம் பல்லாக.

வானதி ஒன்றை எடுத்துச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. அது இலையில் குப்புறக் கிடந்தது, பொட்டு முதுகில்தான் இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அது மல்லாந்து கிடந்தது. நடுவில் பேரிங்கின் வளையம் பள்ளமாகத் தெரிந்ததால், பொட்டு வைக்க வாகான இடம் என்று சாவித்திரி அதிலேயே தாராளமாக வைத்திருந்தாள். பன்னீர் விட்டுத் தளர்வாகக் குழைத்த சந்தனம் உள்ளே சுழலும் இரும்புக் குண்டுகளுக்கு நடுவே இறங்கி, பின்னாலேயே குங்குமத்தையும் அழைத்துக்கொண்டு போய் உள்ளேயே காய்ந்துவிட்டது.

வானதி சுற்றினாள். கரகர என்றது.

அவள் முகம் வெளுத்துவிட்டதை சதீஷ் பார்த்தான். வேறு மவுண்ட் வர அடுத்த வாரமாகும். பழைய பேரிங்கும் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவன் நெஞ்சில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அம்மாவிடம் எதுவும் பேச வேண்டியதில்லை, இவளிடமும் பேச வேண்டியதில்லை. சந்தனமே எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டது.

"என்னாடி? தப்பாப் போச்சா?" சாவித்திரியின் குரல் இறங்கியது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வெடித்திருப்பார்கள். சதீஷே வெடித்திருப்பான். ஸ்டெரிலைஸ் பண்ணிய ட்ரேயில் விரல் வைத்ததற்காகத் தன் நர்ஸை அவன் அழ வைத்திருக்கிறான். வானதி ஒரு நிமிடம் அந்த மவுண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"தப்புதாம்மா. சந்தனம் உள்ள போயிருச்சு, குண்டு சுத்த மாட்டேங்குது. பரவால்ல, எடுத்துப் பாப்போம். நீ போய்க் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டா" என்றாள். ஒளிக்கவும் இல்லை, குத்தவும் இல்லை. சாவித்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, ஊதிப் பார்த்தாள். மேலே இருந்தது வந்தது. குண்டுகளுக்கு அடியில் காய்ந்து பிடித்தது வரவில்லை. பேரிங்கைக் கழற்றினால் உடையும். கை நுழையாத இடுக்கு அது. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தவள் சட்டென்று சதீஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர், உங்க பல்லு நோண்டுற கம்பி கொண்டாந்திருக்கீங்களா?"

பெட்டி மாடி அறையில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. மலர்க்கொடி நிம்மதியாகத் தூங்குவாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வார்த்தை அவன் நாக்கில் வந்து நின்றது. அவள் கிரீஸ் படிந்த கையில் அந்த மவுண்டை ஏந்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் என்பதே இல்லை. இருந்தால் தருவான், இல்லாவிட்டால் வேறு வழி பார்ப்போம், அவ்வளவுதான்.

"இருக்கு" என்றான். மாமனார் பதறப் பதற, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு அவனே ஓடினான்.

பிறகு நடந்தது சதீஷின் வாழ்க்கையிலேயே விசித்திரமான சிகிச்சை. வாழையிலையைப் பிரித்துப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில், அவன் வாய்க்கண்ணாடியைப் பிடிக்க, அவள் கொக்கிக் கம்பியால் குண்டு குண்டாகத் தள்ளி அடியில் ஒட்டியதைச் சுரண்டினாள். அவன் ஊசியால் மண்ணெண்ணெயைப் பீய்ச்சினான். சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து வந்தது. நடுவில் இரண்டு பேர் மாப்பிள்ளையைப் பார்க்க வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"போதும்னு நெனக்கிறேன்" என்றான் சதீஷ், குண்டுகள் பளிச்சென்று தெரிந்தபோது.

அவள் காதருகே வைத்துச் சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இல்ல. ஒரு எடத்துல என்னமோ இருக்கு."

மறுபடியும் தேடினார்கள். ஒரு குண்டின் பின்னால், கண்ணாடியைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், கடுகளவு குங்குமம் இருந்தது. அதை எடுத்த பிறகு சுற்றினாள். பேரிங் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. சதீஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினாறு பல் வரிசையை ஒரே நாளில் கட்டி முடித்தபோதுகூட அவனுக்கு அப்படி இருந்ததில்லை. இவள் எனக்கு மனைவியாக வந்தது என் அதிர்ஷ்டம் என்று, மாப்பிள்ளை முறுக்கு எல்லாம் மறந்து, மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

புதுக் கிரீஸை அடைத்து மூடியதும், தூரத்தில் தூணோடு ஒண்டி நின்ற சாவித்திரியை வானதி கூப்பிட்டாள்.

"வாம்மா, பொட்டு வை. இந்தா, இந்த மேல் தகட்டுல வை. இங்க எவ்வளவு வேணாலும் வெச்சுக்க."

சாவித்திரி சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

ஷாக்குகள் திரும்ப ஏறின. இடப்பக்கம் முடிந்து வலப்பக்கமும் முடிந்தது. வேண்டிய அளவு இறுகியதும் டிக் என்று சத்தம் கொடுக்கும் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் முறுக்கி, டிக் என்றதும் அதன் மேல் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தாள். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, வெயில் சாயத் தொடங்கியபோது வைரக்கண்ணு, "முடிஞ்சுதா? வந்து சாப்புடுங்க, மாப்ள பசியோட இருக்காரு" என்று அவசரப்படுத்தினார். சமையலறையிலிருந்து மட்டன் வாசனை வேறு ஆளை இழுத்தது.

சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த வானதி நின்றாள். இடப்பக்கச் சக்கரத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இந்த ஒரு போல்ட்டுல புள்ளி இல்ல."

"முறுக்கினியே. நான் பாத்தேன்" என்றான் சதீஷ்.

"டிக்குன்னு சத்தம் கேட்டுச்சா?"

"முறுக்கின மாதிரிதான் ஞாபகம். வெடிச் சத்தத்துல கேக்கல. இப்ப சாப்ட்டுட்டு, காலைல பாத்துக்கலாம் வானதி."

"காலைல பாத்துக்கலாம்னா காலைல அது மறந்துரும்" என்றாள். ஜாக்கியைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தாள். தாங்கி நிறுத்தினாள், தள்ளிப் பார்த்தாள், சக்கரத்தைக் கழற்றினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. ஸ்பேனரை வைத்து அழுத்தினாள். டிக் என்றது. போல்ட் ஏற்கெனவே சரியாகத்தான் முறுக்கப்பட்டிருந்தது. புள்ளி வைக்கத்தான் விட்டுப் போயிருந்தது. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. புள்ளியை வைத்துவிட்டு சக்கரத்தைத் திரும்ப மாட்டினாள்.

 சதீஷுக்கு இராஜாங்கம் மாமாவின் ஞாபகம் வந்தது. மாமாவின் பைக்கில் முன் பிரேக் பிடிக்காமல் பல நாளாக இருந்தது. தீபாவளி முடியட்டும், பார்த்துக்கலாம் என்று அவர் சொன்னது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சை மட்டும் அம்மா முன்னால் யாரும் எடுத்ததில்லை. இத்தனை வருடமாக வீட்டில் எல்லோரும் வேகத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி, சரியாக இருந்த போல்ட்டைச் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகப் பசியோடு சக்கரத்தைக் கழற்றுகிறாள். இவளிடமா நான் நிறுத்து என்று சொல்ல வந்தேன் என்று நினைத்துக்கொண்டான்.

வானதி வண்டியை எடுத்தாள். அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வாய்க்கால் கரைச் சாலையில், பள்ளம் மேடு பார்த்து, ஊர் எல்லை வேகத்தடை வரை மெதுவாக ஓட்டினாள். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. டொக் இல்லை. திரும்பும் இடத்தில் முழுக்க ஒடித்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அது தானாக நேருக்கு வந்து நின்றது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவனும் வாய்விட்டுச் சிரித்தான்.

திரும்பி ஷெட்டுக்குள் வந்து நிறுத்தியபோது அவன் சட்டைப் பையில், மோதிரத்துக்குப் பக்கத்தில், செல்போன் அடித்தது. அம்மா. அவன் இறங்கிப் போய்த் தனியாகப் பேசவில்லை. வானதி பக்கத்தில் இருக்கும்போதே எடுத்தான்.

"சாப்ட்டியாடா? அவகிட்ட அதச் சொல்லிட்டியா?"

"அவகிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா. உங்கிட்டதான் சொல்லணும்."

"என்னாடா?"

"அவ ஞாயித்துக்கெழம ஓட்டட்டும். நானும் கூடப் போறேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான். "மாமா வேகத்துல போகலம்மா. அவரு பிரேக்கு..."

"தெரியும்டா."

சதீஷ் வானதியைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும்" என்றாள் மலர்க்கொடி மறுபடியும். "ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ட்டு வரேன்க்கான்னுதான் சொன்னான். சீரு நேரத்தோட வரணும், அதெல்லாம் அப்புறம் பாத்துக்க, மொதல்ல வாடான்னு நான்தான் கூப்புட்டேன்."

  பக்கத்தில் வானதி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"அம்மா... இவ அப்படி அப்புறம்னு விடுறவ இல்லம்மா. நான் இன்னைக்குப் பூரா பாத்தேன். ஒத்த போல்ட்டுக்காக மறுபடி சக்கரத்தக் கழட்டுனா."

"அவகிட்ட குடு" என்றாள் அம்மா.

வானதி கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "சொல்லுங்க அத்தை."

"எல்லாம் பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேன் அத்தை."

"எனக்காக இன்னொரு வாட்டி பாத்துரும்மா."

வீட்டிலிருந்து வைரக்கண்ணு இலை போட்டாகிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சரிங்க அத்தை" என்றாள் வானதி. போனை அணைக்காமல் சதீஷின் கையில் கொடுத்து, ஸ்பேனர் பக்கமாகப் பிடிக்கச் சொன்னாள். ஜாக்கியை மூன்றாவது தடவையாக உருட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு டிக்கும் மயிலாடுதுறையில் கேட்டது.